வாட்டர் கூலிங் வேணுமா? செம்புக் குழாய்க்குள்ள ஏற்கனவே தண்ணி ஓடுது

இங்க மலேசியாவுல எங்க தாமான்ல (குடியிருப்புல) இருக்குற ஒரு தம்பி வாட்ஸ்அப்ல கேட்டிருந்தாரு, "அண்ணே, நாலாயிரம் வெள்ளிக்குள்ள கேமிங் பிசி ஒண்ணு பில்ட் பண்ணப் போறேன், நம்ம ஊரு வெயிலுக்கு வாட்டர் கூலிங் போட்டே ஆகணும்னு கூட்டாளிங்க சொல்றாங்க, உண்மையா?"

வேணாம் தம்பி. வாட்டர் கூலிங்னா பம்ப் வெச்சு டியூப்ல தண்ணிய ஓட விட்டு சிப்போட சூட்ட வெளிய எடுக்குறது. அந்தக் காச கிராபிக்ஸ் கார்டுல போடுங்க. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா இதுக்குள்ள நான் ரொம்ப ஆசையா பேசுற ஒரு விஷயம் இருக்கு.

முதல்ல சாமான் கணக்க வேகமா முடிச்சிடுவோம். கம்ப்யூட்டரோட மூளையா ரைசன் 5 7600 மாதிரி ஒரு சிப் எடுத்தா பெட்டியில 65 வாட்னு போட்டிருக்கும், முழு வேகத்துல 88 வாட் வரைக்கும் இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட். ரெண்டுக்கும் 550 வாட் பவர் சப்ளை தாராளம், ஆனா நல்லதா வாங்குங்க, மலிவா கிடைக்குதுன்னு பேர் தெரியாதத எடுக்காதீங்க. சாயங்காலம் இடி இடிச்சா பிளக்க புடுங்கிடுங்க, சுவிட்ச அடைச்சா மட்டும் பத்தாது. கேஸ், அதாவது எல்லாத்தையும் உள்ள வைக்கிற பெட்டி, வாங்குறப்போ முன்பக்கம் கண்ணாடி வேணாம், வலை போட்டதா பாருங்க.

இப்போ சூடு. சிப்புக்குப் போற கரண்ட் அத்தனையும் கடைசியில சூடாத்தான் வெளிய வருது, 88 வாட் உள்ள போனா 88 வாட் சூடு, இதுல ஏமாத்த முடியாது. அந்தச் சிப் நகம் அளவு கூட இல்ல. அவ்ளோ சின்ன இடத்துல வர்ற சூட்ட பெரிய அலுமினியத் தகடுங்களுக்கு கொண்டுபோய்ச் சேர்த்தாத்தான் விசிறிக் காத்து அத அள்ளிக்கிட்டுப் போகும். கொண்டுபோய்ச் சேர்க்கிறதுதான் கஷ்டம். செம்பு நல்லா சூட்ட கடத்தும்ல, ஒரு செம்புக் கம்பி வெச்சா போதாதான்னு கேப்பீங்க. கணக்குப் போட்டுப் பாருங்க: 6 மில்லிமீட்டர் கனத்துல 15 சென்டிமீட்டர் நீளமுள்ள கெட்டிச் செம்புக் கம்பி வழியா 30 வாட் அனுப்பணும்னா, ரெண்டு முனைக்கும் நடுவுல ஏறக்குறைய 400 டிகிரி வித்தியாசம் வேணும். சிப் எரிஞ்சே போயிடும்.

சிப் மேல மாட்டுற, தகடும் விசிறியும் உள்ள சாமானுக்குத்தான் ஏர் கூலர்னு பேரு. அதே கனத்துல அந்தக் கூலர்ல இருக்குற குழாய் அந்த 30 வாட்ட சில டிகிரி வித்தியாசத்துலயே கொண்டுபோயிடுது. எப்படின்னா அது கெட்டி இல்ல, உள்ள காலி. காத்த எல்லாம் உறிஞ்சி எடுத்துட்டு, ரொம்பக் கொஞ்சமா சுத்தமான தண்ணிய விட்டு, ரெண்டு முனையையும் அடைச்சிடுறாங்க. அவ்ளோதான். இதுக்குப் பேர் ஹீட் பைப்.

தண்ணி 100 டிகிரியில கொதிக்கும்னு பள்ளியில படிச்சோம், அது நம்ம தலைக்கு மேல இருக்குற காத்து அழுத்துறதால. குழாய்க்குள்ளதான் காத்தே இல்லையே, அங்க இருக்குறது தண்ணியும் அதோட ஆவியும் மட்டும். அதனால அந்தத் தண்ணிக்கு இதுதான் கொதிநிலைன்னு ஒரு நம்பரே கிடையாது, ரூம் 32 டிகிரியா இருந்தா 32ல, ஏர்கோன் போட்டு 24 ஆக்கினா 24ல, எப்பவும் ஆவியாகுற விளிம்புலயே நிக்குது. ஒரு பக்கம் துளி சூடு ஏறினா போதும், அங்க இருக்குற தண்ணி உடனே ஆவியாகி, அழுத்தம் கம்மியா இருக்குற மறு முனைக்கு ஓடிப்போய், தகடுகிட்ட சூட்ட விட்டுட்டு திரும்பவும் தண்ணியாகுது. ஒரு கிராம் தண்ணிய ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் போதும், அதே ஒரு கிராம ஆவியாக்க ஏறக்குறைய 2400 ஜூல் வேணும். அவ்ளோ சூட்டயும் தூக்கிக்கிட்டுத்தான் அந்த ஆவி ஓடுது! அதனால 30 வாட்டுக்கு ஒரு செகண்டுக்கு 0.0125 கிராம் தண்ணி ஆவியானா போதும், ஏறக்குறைய ஒரு சொட்டுல கால்வாசிதான்.

சரி, அந்தப் பக்கம் தண்ணியானது திரும்பி வரணுமே, பம்ப் எங்க? பம்பே இல்ல. குழாயோட உள்சுவத்துல செம்புப் பொடிய ஒட்ட வெச்சிருப்பாங்க, பொடி உருகாம, ஒண்ணோட ஒண்ணு தொடுற இடத்துல மட்டும் ஒட்டிக்கிற அளவுக்குச் சூடு காட்டி. அந்தப் பொடிக்கு நடுவுல இருக்குற நுண்ணிய சந்துங்க, சாமி விளக்குத் திரி எண்ணெய இழுக்குற மாதிரி தண்ணிய சிப் பக்கமா இழுக்குது. சந்து சின்னதாக ஆக இழுவை கூடும், சந்தோட ஆரம் 50 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர்ல இருபதுல ஒரு பங்கு) இருந்தா தண்ணிய 28 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்குற பலம் இருக்கு, அதனாலதான் கூலர எந்தப் பக்கம் திருப்பி மாட்டினாலும் வேலை செய்யுது. அளவுக்கு மேல சூடு ஏத்தினா தண்ணி திரும்பி வர்றதுக்குள்ள அந்த முனை காஞ்சிடும், அப்புறம் அது வெறும் செம்புக் குழாய்தான். 6 மில்லிமீட்டர் குழாய்க்கு 30, 40 வாட்ங்கிறது இதனாலதான். நாலு குழாய் வெச்ச டவர் கூலர் நூறு வெள்ளி சொச்சத்துக்குக் கிடைக்குது, 88 வாட்டுக்கு அது போதும்.

இன்னொண்ணு, நம்ம ஊரு ஈரப்பதத்துக்கு ஏர் கூலர் வேலைக்காகாதுன்னு சில பேரு சொல்றாங்க, அது தப்பு. நமக்கு வேர்வை காயாம புழுங்குறதுக்குக் காரணம் வெளிக்காத்துல ஏற்கனவே ஈரம் நிறைய இருக்குறது, ஆனா இங்க ஆவியாகுற வேலை முழுசும் அடைச்ச குழாய்க்குள்ளதான நடக்குது, மழை பெஞ்சாலும் வெயிலடிச்சாலும் அதுக்குத் தெரியாது. தகடு மேல படுற காத்தோட சூடு மட்டும்தான் கணக்கு. வெளிநாட்டு ரிவியூல 22 டிகிரி ரூம்ல டெஸ்ட் பண்ணி சிப் 70ன்னு காட்டினா, 32 டிகிரி இருக்குற நம்ம ரூம்ல 80ன்னு வெச்சுக்கோங்க, 7600 சிப் 95 வரைக்கும் தாங்கும். வாட்டர் கூலிங் போட்டாலும் ரூம் சூட்டுக்குக் கீழ போகவே போகாது, அதே வாட் அதே ரூமுக்குள்ளதான் கொட்டுது, அதுல பம்ப் வேற ஓடணும், ரப்பர் டியூப் வழியா வருசக்கணக்குல தண்ணி கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு குறையும். 250 வாட்டுக்கு மேல இழுக்குற ஐ9 14900கே மாதிரி சிப்புக்கு அது சரி, உங்களுக்கு வேணாம்.

இந்தக் குழாயோட கதையும் கேளுங்க. 1942ல ஜெனரல் மோட்டார்ஸ்ல இருந்த காக்லர்ங்கிறவர் ஐஸ்பெட்டிக்காக இந்த யோசனைக்குப் பேடண்ட் கேட்டாரு, 1944ல கிடைச்சுது, ஆனா யாரும் கண்டுக்கல. 1963ல அமெரிக்காவுல லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்துல குரோவர், விண்வெளியில வைக்கிற அணு உலையில இருந்து சூட்ட வெளிய எடுக்க அதே விஷயத்த தனியா உருவாக்கினாரு, 1967ல ஒரு ஹீட் பைப் பூமியச் சுத்தி வந்துச்சு. அரசாங்கக் காசு, கேம் விளையாட யாரும் குடுக்கல. இன்னைக்கு லெப்டாப்புக்குள்ளயும் அது இருக்கு. இதனாலதான் "இந்த ஆராய்ச்சியால என்ன லாபம்"னு பட்ஜெட்ட வெட்டுறப்போ எனக்குக் கோவம் வரும். நம்ம நாட்டுலயே 1925ல ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ஆரம்பிச்சாங்க, அங்க வந்த ஆர்ஆர்ஐஎம் 600ங்கிற ரப்பர் மர ரகத்துல பால் வெட்டித்தான் எத்தனையோ தோட்டத்துக் குடும்பம் புள்ளைங்கள படிக்க வெச்சுது. பலன் வர காலமாகும், காத்திருக்கணும்.

பிசிய சாமி மேடைக்குப் பக்கத்துல வைக்காதீங்க, ஊதுவத்தி, சூடத்தோட புகைக்கரி தகடுங்க சந்துல படிஞ்சா காத்து போகாது. ஆயுத பூசைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறது நம்ம பழக்கம், நானும் வைக்கிறேன், ஆனா கேஸோட பக்கவாட்டுல வையுங்க, முன்னாடி வலையில வேணாம். பிசி சூடாகுதுன்னா திருஷ்டின்னு எலுமிச்சம்பழம் கட்டுறதுல ஒண்ணும் ஆகாது தம்பி, வலையக் கழட்டித் தூசியத் தட்டுங்க, மாசம் ஒருக்கா.

முன்னாடி ரெண்டு விசிறி காத்த உள்ள இழுக்கட்டும், பின்னாடி ஒண்ணு வெளிய தள்ளட்டும், கூலர் விசிறியும் பின்பக்கம் பாத்தே ஊதணும். சிப் மேல சூட்ட கடத்துற பேஸ்ட் கொஞ்சம் வெச்சா போதும், செம்புக்கும் சிப்புக்கும் நடுவுல மாட்டுற காத்த வெளிய தள்ளத்தான் அது. மாட்டுறதுக்கு முன்னாடி கூலர் அடியில ஒட்டியிருக்குற பிளாஸ்டிக் பேப்பர உரிச்சிடுங்க.