"எங்கள் சிஸ்டம் இன்டர்நெட்டில் இல்லை" என்று சொல்லும் முன் பேனலைத் திறந்து பாருங்கள்

மறுபடியும் அதே பேச்சு. ஒரு குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்பைப் பரிசோதிக்க அழைத்திருந்தார்கள். முதல் கூட்டத்திலேயே பொறுப்பு அதிகாரி, "சார், எங்க கன்ட்ரோல் சிஸ்டம் இன்டர்நெட்டோட கனெக்ட் ஆகவே இல்லை. நீங்க ஆபீஸ் நெட்வொர்க்கை மட்டும் பார்த்தா போதும்" என்றார். அன்று மதியமே பம்ப் ஹவுஸில் ஒரு பேனலைத் திறந்தோம். உள்ளே சிம் கார்டு போட்ட மோடம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பம்பை நிறுவிய நிறுவனம், பழுது வந்தால் இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறது. நிலையத்தில் ஒருவருக்கும் அது தெரியாது. பக்கத்திலிருந்த பிஎல்சியில் (பம்பு, வால்வு போன்றவற்றை இயக்கும் சிறு தொழிற்சாலைக் கணினி), பெட்டியைப் பிரித்தபோது இருந்த அதே பாஸ்வேர்டு.

இந்தப் பேச்சை மின்நிலையங்களில் கேட்டிருக்கிறேன், எரிவாயு நிலையங்களில் கேட்டிருக்கிறேன், கழிவுநீர் நிலையங்களிலும் கேட்டிருக்கிறேன். சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. மனதார அப்படித்தான் நம்புகிறார்கள். பொய்யாக இருந்தால் திருத்துவது சுலபம். நம்பிக்கையை அசைப்பதுதான் கடினம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் மின் பொறியியல் பேராசிரியர். ரிலே (பழுதைக் கண்டறியும் காப்புக் கருவி), பிரேக்கர் (மின் இணைப்பைத் துண்டிக்கும், சேர்க்கும் சுவிட்ச்), மின்தொடர்ப் பழுதுகள், இவைதான் என் பாடம். 2007 மார்ச்சில் அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வகத்தில் "அரோரா" என்ற சோதனையைச் செய்தார்கள். 2.25 மெகாவாட் டீசல் ஜெனரேட்டர் ஒன்றின் பிரேக்கரை, கணினிக் கட்டளை வழியாகவே, மின்தொடரோடு ஒத்திசைவு தப்பிய நேரத்தில் திறந்து திறந்து மூடினார்கள். அப்படிச் செய்தால் தண்டுக்கு என்ன ஆகும் என்று எந்த மின் பொறியாளருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. இயந்திரம் குலுங்கிப் புகை விட்டது, பாகங்கள் தெறித்தன. அந்தக் காணொளி அந்த ஆண்டே வெளியே வந்தது. ஜெனரேட்டரைக் காப்பாற்ற வைத்த கருவிகளையே அதை உடைக்கப் பயன்படுத்த முடியும் என்று பார்த்த பிறகு, பழைய பாடத்தோடு மட்டும் நிற்க எனக்கு மனம் வரவில்லை. அதிலிருந்து என் ஆராய்ச்சியும், என் மாணவர்களின் ஆராய்ச்சியும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

சரி, "இணைக்கப்படவில்லை" என்ற நம்பிக்கைக்கு வருவோம். இதை விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிலையத்தைக் கட்டி முடித்த அன்று அது உண்மையாகவே தனித்து இருந்திருக்கலாம். வரைபடத்திலும் அப்படித்தான் இருக்கும். அப்புறம் மேலதிகாரி தினசரி உற்பத்திக் கணக்கைத் தன் மேசையிலேயே பார்க்க விரும்புகிறார். தரவு சேமிக்கும் சர்வரிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்கு ஒரு கேபிள் போகிறது. கணினியில் இரண்டாவது நெட்வொர்க் கார்டு ஏறுகிறது. வென்டர், அதாவது கருவியை விற்ற நிறுவனத்தார், ஒரு மோடம் வைக்கிறார். நீண்ட தூரம் நடக்க முடியாத இடத்தில் யாரோ ஒரு வைஃபை பெட்டியை மாட்டுகிறார்கள். பராமரிப்புப் பொறியாளரின் லேப்டாப் காலையில் வீட்டில், மதியம் பிஎல்சியில், இரவு மறுபடி வீட்டில். இரவு ஷிப்டில் ஆபரேட்டர் தன் போனை ஸ்காடா கணினியின் (நிலையம் முழுவதையும் திரையில் காட்டி இயக்கும் கணினி) யுஎஸ்பி துளையில் சார்ஜ் போடுகிறார், அந்தப் போனில் ஹாட்ஸ்பாட் இருக்கிறது. ஆன்டிவைரஸ் புதுப்பிப்பைக்கூட பென்டிரைவில்தான் கொண்டுவருகிறார்கள். இவற்றில் ஒன்றுகூட வரைபடத்தில் ஏறுவதில்லை. ஒவ்வொன்றும் வேலை நடக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்ததுதான்.

இது என் கற்பனை இல்லை. 2003 ஜனவரியில் ஸ்லாமர் என்ற கணினிப் புழு (தானாகவே பரவும் தீய நிரல்) உலகெங்கும் பரவியபோது, அமெரிக்காவின் ஒஹாயோவில் உள்ள டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்துக்குள்ளும் நுழைந்தது. நிலையத்துக்கு ஃபயர்வால் இருந்தது. ஆனால் ஒரு கான்ட்ராக்டரின் நெட்வொர்க்கிலிருந்து வந்த தனி இணைப்பு, அந்த ஃபயர்வாலைத் தொடாமல் உள்ளே போயிற்று. பாதுகாப்பு அளவீடுகளைக் காட்டும் கணினி கிட்டத்தட்ட 5 மணி நேரம் செயலிழந்தது. அப்போது அணு உலை நிறுத்தத்தில் இருந்தது, அது அவர்களின் நல்ல நேரம். அந்தப் புழுவைத் தடுக்கும் பேட்ச் (மென்பொருள் திருத்தம்), அதற்கு ஆறு மாதம் முன்பே வெளியாகியிருந்தது.

2010 ஜூனில் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தாக்குதல் நிரலைப் பற்றித் தெரியாத பொறியாளர் இல்லை. ஈரானின் நத்தான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் நிலையத்தை எட்ட அதற்கு இணையமே தேவைப்படவில்லை. பென்டிரைவ் வழியாகப் பரவும்படிதான் அதை எழுதியிருந்தார்கள். நான் பாடத்தில் அழுத்திச் சொல்வது அடுத்த பகுதியை. சுழல் இயந்திரங்களின் வேகத்தை அது தாறுமாறாக மாற்றிய நேரத்தில், முன்பே பதிவு செய்து வைத்த சாதாரண அளவீடுகளைக் கண்காணிப்பவர்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டியது. திரை பச்சையாக இருப்பது மட்டும் நிலையம் நலமாக இருப்பதற்குச் சான்று ஆகாது.

வயர்லெஸ் பக்கம் இன்னும் மோசம். 2000-ல் ஆஸ்திரேலியாவின் மருச்சி பகுதியில், கழிவுநீர் அமைப்பை நிறுவிய நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்த ஒருவர், காரில் ரேடியோவும் லேப்டாப்பும் வைத்துக்கொண்டு பம்ப் நிலையங்களுக்குக் கட்டளைகள் அனுப்பினார். சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காவிலும் ஓடையிலும் பாய்ந்தது. இணையம் அங்கே எங்கும் வரவே இல்லை. வெளியேறியவருக்கு உள்விவரம் எல்லாம் தெரியும், அவ்வளவுதான். உங்கள் நிலையத்தில் வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளையும் பாஸ்வேர்டுகளையும் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

அடுத்து எப்போதும் வரும் கேள்வி: "எங்களைப் போன்ற சின்ன நிலையத்தை யார் தாக்கப் போகிறார்கள்?" சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அலிகிப்பா என்ற சிறு ஊரின் குடிநீர் அமைப்பு தாக்கப்பட்டது. தாக்கியவர்கள் அந்த ஊரைத் தேர்ந்தெடுக்கவில்லை. இஸ்ரேலியத் தயாரிப்பான யூனிட்ரானிக்ஸ் பிஎல்சிகள் இணையத்தில் எங்கெங்கே தெரிகின்றன என்று தேடினார்கள், கிடைத்த பெட்டிகளில் அதுவும் ஒன்று. அந்த வகை பிஎல்சிகளுக்குத் தயாரிப்பாளரே வைத்த பாஸ்வேர்டு 1111. ஊர் சின்னதா பெரியதா என்பது தேடுகிறவருக்குத் தெரியவும் தெரியாது, தேவையும் இல்லை.

அலுவலக நெட்வொர்க் தானே போனது, கன்ட்ரோல் பக்கம் பத்திரம் என்று நினைப்பவர்களுக்கு 2021 மே மாதம் அமெரிக்க எரிபொருள் குழாய் நிறுவனமான கொலோனியல் பைப்லைன் தாக்கப்பட்டதே போதும். பயன்பாட்டில் இல்லாத ஒரு விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் வரும் வழி) கணக்கு, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாமல் திறந்தே கிடந்தது. மாட்டியது அலுவலகக் கணினிகள்தான். ஆனாலும் எவ்வளவு பரவியிருக்கிறது என்று தெரியாததால், சுமார் 8,850 கிலோமீட்டர் எரிபொருள் குழாயை அவர்களே நிறுத்த வேண்டி வந்தது. கிட்டத்தட்ட ஒரு வாரம்.

இங்கே ஐடி துறை நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நிலையத்துக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்து முழு நெட்வொர்க்கையும் ஸ்கேன் செய்யாதீர்கள். பழைய பிஎல்சிகள் எதிர்பாராத ஒரு பாக்கெட் வந்தாலே தொங்கிவிடும். அதன் மறுமுனையில் ஓடிக்கொண்டிருப்பது குளோரின் பம்பாக இருக்கலாம். கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ள 1979-ல் வந்த மாட்பஸ் என்ற தொடர்பு முறை இன்றும் எல்லா இடத்திலும் ஓடுகிறது. கட்டளை அனுப்புவது யார் என்று அது கேட்பதே இல்லை. பேட்ச் போடவில்லை என்று ஆலைக்காரரைத் திட்டுவதற்கு முன், அவருடைய அடுத்த ஷட்டவுன் (பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் நேரம்) எப்போது என்று கேளுங்கள். என் மாணவர்களை முதல் பருவத்திலேயே ஆலைக்கு அழைத்துப்போய் ஆபரேட்டர் பக்கத்தில் உட்கார வைப்பது இதற்காகத்தான். வால்வு மூட எத்தனை வினாடி ஆகும் என்று தெரியாதவர் அந்த வால்வைப் பாதுகாக்க முடியாது.

இனி செய்ய வேண்டியவை. பெரிய பட்ஜெட் வேண்டாம், முதலில் கால் வலிக்க நடங்கள். ஒவ்வொரு பேனலையும் திறந்து, ஒவ்வொரு கேபிளும் எங்கே போகிறது என்று கையால் பிடித்துப் பாருங்கள். மோடம், ஆன்டெனா, வைஃபை, இரண்டாவது நெட்வொர்க் கார்டு, எது கண்ணில் பட்டாலும் எழுதுங்கள். "இது எதற்கு, யார் வைத்தது" என்று பதில் சொல்ல ஆள் இல்லாத இணைப்பு இருந்தால், அதன் வேலை என்னவென்று விசாரித்துவிட்டுக் கழற்றுங்கள். விசாரிக்காமல் பிடுங்க வேண்டாம். அந்தக் கேபிளில் அபாய அறிவிப்பு போய்க்கொண்டிருக்கலாம்.

வென்டருக்குத் தொலைதூர அனுமதி தேவைதான். ஆனால் நாள் முழுவதும் திறந்திருக்க என்ன அவசியம்? அவர் போன் செய்யட்டும், நீங்கள் இயக்குங்கள், வேலை முடிந்ததும் அணையுங்கள். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத விபிஎன் கணக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது. இதில் பேரம் பேசாதீர்கள்.

கருவியோடு வந்த தயாரிப்பாளரின் பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். நாளை என்று சொல்லாதீர்கள். மாற்றியதை மானிட்டரில் ஒட்டியும் வைக்காதீர்கள்.

பிஎல்சியின் சாவி, நிரலை மாற்ற அனுமதிக்கும் "புரோகிராம்" நிலையில் நிற்கிறதா என்று ஒவ்வொரு ஷிப்டிலும் பாருங்கள். 2017-ல் சவூதி அரேபியாவில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையின் அவசரநிறுத்த அமைப்பையே ட்ரைட்டான் என்ற தாக்குதல் நிரல் குறிவைத்தது. கன்ட்ரோலரின் சாவி அந்த நிலையிலேயே விடப்பட்டிருந்ததால்தான் உள்ளே எழுத முடிந்தது. சாவியைத் திருப்பி, எடுத்து, பூட்டி வைப்பதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, இருந்தாலும் அடுத்த நிலையத்திலும் சொல்வேன்.

பிஎல்சி நிரலின் நகலை நெட்வொர்க்கில் இல்லாத இடத்தில் வையுங்கள். வைத்தால் போதாது, ஒரு உபரிக் கன்ட்ரோலரில் ஏற்றி ஓட்டிப் பாருங்கள். ஓடாத நகல்கள் நிறையப் பார்த்துவிட்டேன்.

நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். பென்டிரைவைச் செருகிவிட்டேன், ஏதோ சரியில்லை என்று வந்து சொல்லும் ஆபரேட்டரைத் தயவுசெய்து தண்டிக்காதீர்கள். ஒருவரைத் தண்டித்தால் அடுத்தவர் வாய் திறக்க மாட்டார். உங்களிடம் உள்ள எந்தக் கருவியையும்விட வேகமாக "பம்ப் சத்தம் மாறியிருக்கு" என்று சொல்பவர் அவர்தான். திரையில் ஒரு அளவும் களத்தில் வேறொரு அளவும் இருந்தால், களத்தை நம்பும் அதிகாரத்தை எழுத்திலேயே அவருக்குக் கொடுங்கள்.

கடைசியாக, கையால் இயக்கும் பயிற்சி. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின்விநியோக நிறுவனங்களின் பிரேக்கர்களைத் தாக்குபவர்கள் தூரத்திலிருந்தே திறந்தார்கள். சுமார் 2,25,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போயிற்று. துணைமின்நிலையங்களோடு பேசும் கருவிகளின் உள்நிரலையும் அழித்துவிட்டார்கள், புகார் சொல்லும் தொலைபேசியைப் பொய் அழைப்புகளால் அடைத்துவிட்டார்கள். ஆனாலும் சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது. ஊழியர்கள் வண்டி எடுத்துக்கொண்டு ஒவ்வொரு துணைமின்நிலையமாகப் போய்க் கையாலேயே பிரேக்கர்களை மூடினார்கள். அவர்களுக்கு அது தெரிந்திருந்தது. உங்கள் நிலையத்தில் அதைச் செய்யத் தெரிந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஓய்வு பெறுகிறார்கள்? பெயர்களை எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே, ஸ்காடா திரையை அணைத்துவிட்டு ஒரு ஷிப்ட் முழுக்க நிலையத்தை ஓட்டிப் பழகுங்கள். ஒவ்வொரு படியையும் காகிதத்தில் எழுதி, முக்கியமான தொலைபேசி எண்களோடு கட்டுப்பாட்டு அறையில் வையுங்கள். கணினிக்குள் வைத்தால் அன்றைக்கு அது கைக்குக் கிடைக்காது.