தூசி உறிஞ்சி: ஒரு றகரமும் ஒரு ரகரமும்

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு பழைய சாமான் கடை. பழுதான மிக்சிகளுக்கும் ஃபேன் றெக்கைகளுக்கும் நடுவில் அது சாய்ந்து நின்றது. ஆள் உயரத்தில் முக்கால் பங்குக்கு ஒரு பிடி, பிடியோடு ஒட்டித் தொங்கும் துணிப்பை, தரையைக் கவ்வப் போவது போல் ஓர் உலோகத் தலை. புல் வெட்டுகிற மெசின் என்று நினைத்துக் கடைக்காரர் ஓரமாக வைத்திருந்தார். துடைத்துப் பார்த்தால் இங்கிலாந்தில் செய்த ஹூவர் ஜூனியர் வேக்குவம் கிளீனர், 1950-களில் வந்தது. தூக்கிக்கொண்டு நேராக மோட்டார் வைண்டிங் கடைக்குப் போனேன். வைண்டிங்காரர் அதைக் கவிழ்த்து, தலையின் அடியில் இருந்த உருளையை விரலால் சுற்றிவிட்டு, “இன்னா சார் இது, அடியில தொடப்பம் சுத்துது?” என்றார்.

இந்தப் பொறிக்கு நாம் வைத்திருக்கும் தமிழ்ப் பெயரில் விட்டுப்போனது அந்தத் தொடப்பம்தான்.

‘வேக்குவம் கிளீனர்’ என்ற பெயரிலிருந்து தொடங்குவோம். இலத்தீனில் ‘வாக்குஸ்’ என்றால் காலி, வெறுமை. அதிலிருந்து வந்த ‘வாக்குவம்’ காற்றுகூட இல்லாத வெற்றிடத்தைக் குறித்தது. அதை வீடு துப்புரவு செய்யும் பொறிக்குப் பெயராகப் பரப்பியவர் ஹ்யூபர்ட் செசில் பூத் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1901-இல் லண்டனில் ஒரு பொறியைக் காட்டினார்கள். அது காற்றை ஊதித் தூசியைக் கிளப்பியது. ஊதுவதற்குப் பதில் இழுத்தால் என்ன என்று பூத்துக்குத் தோன்றியது. ஓர் உணவகத்தில், மெத்தை வைத்த இருக்கையின் மேல் கைக்குட்டையைப் போட்டு, அதில் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். தூசி தொண்டையில் ஏறிப் புரையேறியது. கைக்குட்டையின் அடியில் அழுக்கு வட்டமாகப் படிந்திருந்தது. அவர் செய்த பொறியைக் குதிரை வண்டியில் வைத்துத் தெருவில் நிறுத்தி, சன்னல் வழியாக நீளக் குழாய்களை வீட்டுக்குள் விட்டுச் சுத்தம் செய்தார்கள். 1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களைச் சுத்தம் செய்ததும் அந்தப் பொறிதான்.

வெற்றிடம் என்பது இந்தப் பொறிக்குள் எங்கும் கிடையாது. விசிறி சுழன்று உள்ளே காற்றழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. வெளிக்காற்று அந்தக் குறைவை நிரப்ப ஓடிவரும்போது தூசியையும் அள்ளிக்கொண்டு வருகிறது, அவ்வளவே. அதனால் ‘வெற்றிடத் துப்புரவாக்கி’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தது எனக்கு ஒருநாளும் ஒப்பவில்லை. ஆங்கிலப் பெயரில் இருந்த பிழையை அப்படியே தமிழுக்கும் ஏற்றுமதி செய்த சொல் அது. ‘தூசி உறிஞ்சி’ அப்படியல்ல. பூத் கைக்குட்டையில் வாய் வைத்துச் செய்த வேலையை அது அப்படியே சொல்கிறது. நுங்கை உறிஞ்சுகிறோம், ரசத்தை உறிஞ்சுகிறோம். யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பொதுப்பெயராக அதுவே இருக்கட்டும்.

சத்துவாச்சாரியில் கிடைத்தது அந்த வகையிலேயே தனிக் கிளை. ஆங்கிலத்தில் ‘அப்ரைட்’ என்பார்கள், நிமிர்ந்து நிற்பது; நான் ‘நிமிர்வகை’ என்கிறேன். அதன் பிறப்பிடம் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள காண்டன். அங்கே ஒரு கடையில் துப்புரவு வேலை பார்த்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளருக்கு ஆஸ்துமா. பெருக்கும்போது எழும் தூசி மூச்சை அடைத்ததால், 1907-இல் ஒரு மின்விசிறி மோட்டாரையும் துடைப்பக் கட்டையையும் தலையணை உறையையும் சேர்த்துக் கட்டி, முன்னால் ஒரு சுழலும் பிரஷ்ஷை வைத்தார். 1908-இல் காப்புரிமை கிடைத்தது. அதை வாங்கியவர் வில்லியம் ஹென்றி ஹூவர்.

ஹூவர் அப்போது என்ன தொழில் செய்துகொண்டிருந்தார் என்பதை நம்மூர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தோல்! அவர் குடும்பத்துக்குத் தோல் ஷாப் இருந்தது; குதிரைச் சேணமும் கழுத்துப் பட்டையும் செய்து விற்றார்கள். மோட்டார் கார் வந்தது, குதிரைக்கு வேலை குறைந்தது, மாற்றுத் தொழில் தேவைப்பட்டது. முதல் ஹூவர் பொறிகளைச் சேணக்கடையின் ஒரு மூலையில் வைத்துத்தான் பூட்டினார்கள். ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் வாசனையோடு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை தூரத்துக் கதையாகத் தோன்றாது. பிறகு ஆங்கிலேயர்கள் ‘ஹூவர்’ என்பதையே வினைச்சொல்லாக்கி ‘அறையை ஹூவர் செய்’ என்று பேசத் தொடங்கினார்கள், நாம் ‘ஜெராக்ஸ் எடு’ என்று சொல்வதைப் போல.

இனி அந்தத் தொடப்பத்துக்கு வருகிறேன். கம்பளத்தின் இழைகளுக்குள் புதைந்த மணலைக் காற்று மட்டும் இழுத்துவிடாது. உருளையில் பதித்த பிரஷ் மயிர் இழைகளைத் தேய்த்து நிமிர்த்த வேண்டும். 1926-இல் வந்த ஹூவர் மாடல் 700-இல் அதே உருளையில் உலோகப் பட்டைகளையும் வைத்தார்கள். அவை கம்பளத்தைத் தட்டி மணலைக் கிளப்பின. ஆக, நிமிர்வகை தட்டுகிறது, தேய்க்கிறது, அதன்பின்தான் உறிஞ்சுகிறது.

தமிழில் உறிஞ்சுவது, தேய்ப்பது என்ற இந்த இரண்டு வேலைக்கும் ஓர் எழுத்து வித்தியாசத்தில் இரண்டு வினைகள் இருக்கின்றன. வல்லின றகரம் போட்டால் உறிஞ்சுதல், உள்ளே இழுத்தல். இடையின ரகரம் போட்டால் உரிஞ்சுதல், தேய்த்தல், உராய்தல். முப்பத்திரண்டு அறங்களைப் பட்டியலிடும்போது ‘ஆவுரிஞ்சுதறி’ என்று ஒன்று வரும். மாடு உடம்பு தினவெடுத்தால் தேய்த்துக்கொள்ள நட்டுவைக்கும் கம்பம் அது. பசு வந்து உரிஞ்சும் தறி. நம் பக்கத்துப் பெரியவர்கள் அந்தச் சொல்லை மறந்திருந்தாலும், மாடு கல்லில் முதுகைத் தேய்ப்பதைப் பார்க்காதவர்கள் இல்லை. அந்த ரகரத்தைத்தான் நான் இந்தப் பொறிக்குத் திருப்பிக் கேட்கிறேன். சுழலும் பிரஷ் உருளைக்கு ‘உரிஞ்சுருளை’ என்று பெயர் வைத்தால் பொருத்தமாக இருக்கும்.

சக்கரமோ சறுக்குக் கட்டையோ வைத்து, குழாயைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற வகை வேறு. 1921-இல் எலெக்ட்ரோலக்ஸ் சறுக்குக் கட்டை வைத்து விற்றதிலிருந்து அது பரவியது. அதன் உடல் வடிவத்தை வைத்து ‘உருளை உறிஞ்சி’ என்றால் போதும், ஏனென்றால் அது உறிஞ்சுவதோடு சரி. உள்ளே தூசியின் பாதையும் வேறு. உருளை உறிஞ்சியில் காற்று முதலில் பையைக் கடந்து, வடிகட்டப்பட்டபின் விசிறிக்குப் போகும். பழைய நிமிர்வகையில் தூசி விசிறி வழியாகவே போய்ப் பின்னால் இருக்கும் பைக்குள் விழும். சுவிட்சைப் போட்டதும் பை பலூன் மாதிரி உப்புவது அதனால்தான். ஒரு நாணயம் உள்ளே போனால் விசிறி இதழ் உடைந்துவிடும். பழம்பொறி வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது அந்த இதழ்களின் சத்தத்தைத்தான்.

பை துணியால் ஆனது. ‘தூசு’ என்பதற்குப் பழந்தமிழில் ஆடை, துணி என்றும் பொருள் உண்டு; ஆக, தூசுக்குள் தூசு. ‘தூசி’ என்றால் படையின் முன்னணி என்றும் பொருள். பழைய வட ஆர்க்காட்டில், மாமண்டூர் ஏரிப் பக்கம், தூசி என்றே ஓர் ஊர் இருக்கிறது.

வடிவத்தில் பெரிய திருப்பம் 1936-இல் வந்த ஹூவர் மாடல் 150. அதுவரை மோட்டாரும் பெல்ட்டும் கண்ணுக்குத் தெரியும்படி பட்டறைச் சாமான் போலவே இருந்தது. ஹென்றி டிரைஃபஸ் என்ற வடிவமைப்பாளர் எல்லாவற்றையும் பேக்லைட் என்ற பழைய பிளாஸ்டிக்கில் செய்த ஒரே மூடிக்குள் அடக்கி, கார் முகப்பைப் போல வழித்துவிட்டார். கனத்தைக் குறைக்க மெக்னீசியம். பை நிரம்பியதைச் சொல்ல ஓர் அடையாளமும் வைத்தார். நேரில் பார்க்கக் கிடைத்தால் அந்த மூடியின் வளைவை ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள்.

நம் வீடுகளுக்கு நிமிர்வகை வராததற்குக் காரணம் எளிது. சிவப்புச் சாந்துத் தரையிலும் மொசைக்கிலும் உரிஞ்சுருளைக்கு வேலை இல்லை. 1982-இல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸின் விற்பனையாளர்கள் டை கட்டிக்கொண்டு வீடு வீடாக வந்து காட்டியதும் குழாய் வைத்த வகைதான். அதனால் ‘உறிஞ்சி’ என்ற பாதிச் சொல்லே நமக்குப் போதுமானதாக இருந்தது.

சேகரிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்கப் பொறிகள் சுமார் 120 வோல்ட்டுக்குச் செய்தவை. உறவினர் கொண்டுவந்த ஒன்றை இங்கே 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினேன்; நொடியில் மோட்டாரின் சுழலும் பாகமான ஆர்மேச்சர் கருகிவிட்டது. மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அவற்றைத் தொடவே கூடாது. இங்கிலாந்துப் பொறிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. என் ஜூனியரைப் பார்த்த வைண்டிங்காரர், “காயில் நல்லா கீது சார், கார்பன்தான் தேஞ்சி போச்சி” என்று மோட்டாருக்குள் உரசும் கார்பன் கட்டையைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்.

இப்போது அதன் பிடியில் ஓர் அட்டை தொங்குகிறது: “நிமிர் உறிஞ்சி. கார்பன் புதிது. விசிறி இதழ் முழுசு. உரிஞ்சுருளையில் மயிர் பாதி தேய்ந்தது. பெல்ட் மாற்ற வேண்டும்.”