கடைமடைக்கு எட்டும் மூச்சு

முறை வைத்துத் தண்ணீர் திறக்கும்போது கடைமடை விவசாயி கேட்பது ஒன்றுதான்: தினம் கொஞ்சம் கொஞ்சமாக விடாதே, விட்டால் சேர்த்து விடு. கொஞ்சமாக விட்டால் காய்ந்த வாய்க்காலே குடித்துவிடும், வயலுக்கு வராது. நுரையீரலிலும் ஏறக்குறைய இதே கணக்குதான்.

சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். ஒரு மூச்சுக்குச் சுமார் 500 மில்லி காற்று. அதில் 150 மில்லி மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாயிலேயே நின்றுவிடும். ரத்தத்தோடு காற்றைப் பரிமாறும் சிற்றறைகளுக்கு எட்டாது. 15 மூச்சு என்றால் உள்ளே போவது 7.5 லிட்டர், வழியில் வீண் 2.25, வயலுக்கு வருவது 5.25. அதே ஆள் ஒரு லிட்டர் வீதம் 6 மூச்சு இழுத்தால் மொத்தமே 6 லிட்டர், வீண் 0.9, வந்து சேர்வது 5.1. குறைவாக இழுத்தும் விளைச்சல் கிட்டத்தட்ட அதேதான்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிராணாயாமம் செய்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் கூடிவிடும் என்று மேடைகளில் சொல்கிறார்களே, அது சரியில்லை. நலமாக இருப்பவரின் சிவப்பணுக்கள் சும்மா இருக்கும்போதே 95 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜனைச் சுமந்திருக்கும். அதற்கு மேல் ஏற்றப் பெரிதாக இடமில்லை.

மெது மூச்சின் பலன் இதயத்தின் பக்கம் இருக்கிறது. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுத்து விட்டுப் பாருங்கள். இழுக்கும்போது துடிப்பு சற்று ஓடும், விடும்போது நிதானிக்கும். இதயத்தின் கடிவாளம் வேகஸ் நரம்பு. மூச்சை விடும்போதுதான் அது இறுகுகிறது. இன்னொரு பக்கம், கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் ரத்த அழுத்தத்தை வேவு பார்க்கும் உணரிகள் உண்டு. அழுத்தம் ஏறினால் அவை மூளைக்குச் சேதி அனுப்பும், மூளை இதயத்தைத் தணிக்கும். இந்த ஏற்ற இறக்கம் ஒரு சுற்று முடியச் சுமார் 10 வினாடி ஆகிறது. மூச்சையும் 10 வினாடிக்கு ஒன்றாக வைத்தால், ஊஞ்சலை ஆட்டத்தோடு சேர்த்துத் தள்ளியதுபோல் இரண்டும் ஒன்றாக ஆடத் தொடங்கும். பதற்றம் தணிந்த மாதிரித் தெரிவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

2001-ல் வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வில், லத்தீனில் ஜெபமாலை சொன்னபோதும் 'ஓம் மணி பத்மே ஓம்' என்ற மந்திரம் சொன்னபோதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 ஆகத்தான் வந்து நின்றது. வேளாங்கண்ணியில் தமிழில் ஜெபமாலை சொல்பவர்கள் தங்கள் வேகத்தைக் கடிகாரம் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். உடம்பையும் ஓரளவு மனசையும் அளக்கக் கருவி இருக்கிறது. ஆன்மாவை அளக்க எந்தக் கருவியும் இல்லை, அந்தப் பேச்சை அவரவரிடமே விட்டுவிடுவோம்.

திருவாவடுதுறையோடு சேர்த்துச் சொல்லப்படும் திருமூலர் தரும் அளவு 16, 64, 32: இழுக்க, நிறுத்த, விட. மாத்திரை என்னும் அந்தக் கால அளவை ஒரு வினாடி என்று வைத்தால் ஒரு மூச்சுக்கு 112 வினாடி ஆகிறது. புதிதாகத் தொடங்குபவர் இதில் கை வைக்கவே கூடாது. ஆனால் அதற்குள் ஒரு நுட்பம் இருக்கிறது: விடும் நேரம் இழுக்கும் நேரத்தைப்போல் இரு மடங்கு. இரு மடங்கு என்று பிடிவாதம் வேண்டாம்; இழுப்பதைவிட விடுவது நீளம் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, நிறுத்துவதை விட்டுவிடலாம்.

சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். பாயில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையை வயிற்றிலும் வையுங்கள். நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுங்கள், ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு 30 மூச்சு வரும். இழுக்கும்போது வயிற்றுக்கை முன்னால் வர வேண்டும். தோள் ஏறினால், நுரையீரலுக்கு அடியில் இருக்கும் உதரவிதானத் தசை சரியாக இறங்கவில்லை என்று அர்த்தம். நடுவில் ஒரு பெரிய மூச்சு வாங்கத் தோன்றினால் எண்ணிக்கை உங்களுக்கு அதிகம். மூன்று, நான்கு என்று குறைத்துக்கொள்ளுங்கள். 'இன்னும் மூச்சு வேண்டும்' என்று முதலில் கத்துவது கரியமில வாயுதான், ஆக்சிஜன் குறைவு அல்ல.

அதே வாயு அளவுக்கு மீறிக் குறைந்தாலும் வம்பு. வயிற்றை உள்ளிழுத்து மூச்சை வெடுக்வெடுக்கென்று வெளியே தள்ளும் கபாலபாதியை வேகமாக, நீண்ட நேரம் செய்பவர்களுக்குத் தலை சுற்றலாம். விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துவதுபோல் இருக்கலாம். குண்டலினி எழுகிறது என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். கரியமில வாயு குறைந்ததுதான் காரணம்: மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் தலை சுற்றுகிறது, ரத்தத்தில் காரத்தன்மை கூடுவதால் ஊசி குத்துகிறது. நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விட்டால் சில நிமிடங்களில் சரியாகும். கர்ப்பிணிகள், இதய நோயுள்ளவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள் கபாலபாதி, மூச்சை நிறுத்திவைக்கும் கும்பகம் இரண்டையும் தவிர்ப்பது நல்லது. மெது மூச்சு பழகுகிறோம் என்று பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நாள் முழுக்கக் குனிந்து நடவு நட்டவர்களுக்கு நிமிர்ந்து உட்காருவதே வலி. அவர்கள் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தொப்புள்மேல் ஒரு கிலோ அரிசிப் பையை வைத்துத் தொடங்கலாம். இழுக்கும்போது பை எழ வேண்டும், விடும்போது தானாக அமுங்க வேண்டும். பை அசையாமல் நெஞ்சு மட்டும் ஏறினால், எண்ணுவதை மறந்துவிட்டு முதலில் அந்தப் பையை அசைக்கப் பழகுங்கள்.