டைம் டேக்: நேரமுத்திரையா, நேரக்குறியா?

என் அண்ணன் மகள் இயற்பியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். தண்டையார்பேட்டையில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தன் ஆய்வைப் பற்றி அரை மணி நேரம் தமிழில் பேச ஒப்புக்கொண்டிருந்தாள். அதற்கு முந்தின வாரம் பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். "சித்தப்பா, எல்லாத்தையும் தமிழ்ல எழுதிட்டேன். டைம் டேக்குக்கு மட்டும் ஒரு நல்ல வார்த்தை குடுங்க. அது இல்லாம என் பேச்சே நிக்காது."

சரி, முதலில் பொருளைப் பார்ப்போம். ஃபோட்டான் என்பது ஒளியின் ஒரு துகள். ஒற்றை ஃபோட்டானையும் உணரக்கூடிய உணரியில் ஒரு ஃபோட்டான் விழுந்தால் சின்னதாக ஒரு மின்துடிப்பு கிளம்பும். டைம் டேகர் என்ற கருவி அந்தத் துடிப்பு வந்த கணத்தைப் பிடித்துக்கொள்ளும். எத்தனையாவது பிக்கோநொடியில் வந்தது, எந்தச் சேனலில், அதாவது எந்தக் கம்பி வழியில் வந்தது என்ற இரண்டையும் எண்ணாக எழுதிக் கணினிக்கு அனுப்பிவிடும். அந்த எண்சோடிதான் டைம் டேக். பிக்கோநொடி என்றால் ஒரு நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் ஒளியே 0.3 மில்லிமீட்டர்தான் நகரும்.

டைம்ஸ்டாம்ப் என்ற பக்கத்து வீட்டுச் சொல்லுக்கு நேரமுத்திரை என்று பலரும் எழுதுகிறார்கள். அதையே இதற்கும் வைத்துவிடலாமே என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. ஆங்கில ஸ்டாம்ப்பின் வேரைத் தேடிப் போனால், பழைய ஆங்கிலத்தில் அது உரலில் இட்டு இடிப்பதைக் குறித்த சொல். காலால் ஓங்கி மிதிப்பதும், அச்சை அழுத்திப் பதிப்பதும் பிறகு வந்த பொருள்கள். நாமும் நெல்லைக் குத்துகிறோம், முத்திரையையும் குத்துகிறோம். இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே வழியில் நடந்திருப்பதைக் கண்டு அன்று எனக்கு வெகு சந்தோஷம்.

முத்திரை வடமொழியிலிருந்து வந்த சொல். அதற்காக அதைத் தள்ளிவிட வேண்டியதில்லை, ஆனால் அதற்கு முன்பே நம்மிடம் 'பொறி' இருந்தது. காவிரிப்பூம்பட்டினத் துறைமுகத்தில் சுங்கம் கொள்பவர்கள் சரக்குப் பொதிகளில் சோழரின் புலிச் சின்னத்தைப் பதித்து வெளியே விட்டதைப் பட்டினப்பாலை 'புலி பொறித்துப் புறம் போக்கி' என்கிறது. துறைமுகத்தை ஒட்டியே வளர்ந்த எங்கள் பக்கத்தில் அந்த வரியை யாரும் எளிதாகப் புரிந்துகொள்வார்கள். அப்படியானால் நேரப்பொறி என்று வைக்கலாமா? முடியாது. பொறி இன்றைக்கு இயந்திரம், எலிப்பொறி, தீப்பொறி என்று வேறு பக்கம் போய்விட்டது. நேரப்பொறி என்றால் பிள்ளைகள் காலத்தில் முன்னும் பின்னும் போகும் வண்டியைத்தான் நினைப்பார்கள்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. முத்திரை சான்றுக்காகக் குத்தப்படுவது. இந்தக் கடிதம் இந்தத் தேதியில் வந்தது, இந்தப் பொதிக்குச் சுங்கம் கட்டியாயிற்று, அவ்வளவுதான் அதன் வேலை. அண்ணன் மகளின் கருவியில் விழும் டேக்குக்கு வேலையே அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. அது பிரித்தெடுப்பதற்காகப் போடப்படுவது.

டேக் என்ற ஆங்கிலச் சொல்லும் துணியிலிருந்து வந்ததுதான். உடையின் ஓரத்தில் கிழிந்து தொங்கும் துண்டுக்கு அங்கே அந்தப் பெயர் இருந்தது. பெட்டியில் கட்டித் தொங்கவிடும் அடையாளச் சீட்டு எல்லாம் பின்னால் வந்தவை. துணி என்றதும் எனக்கு எங்கள் ஊர்ப் பெயரே பதில் சொல்வது போல இருந்தது. கும்பெனிக் காலத்தில் ஏற்றுமதித் துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்த பேட்டை இது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் துணி எடுக்க வரும் ஒரு பெரியம்மா, சேங்கொட்டையை ஊசியால் குத்தி, அந்த நுனியில் ஒட்டிய சாற்றால் வேட்டியின் மூலையில் குறி போடுவார். எங்கள் வீட்டுக்கு இரண்டு புள்ளி, ஒரு கோடு. மேலே கொஞ்சம் சுண்ணாம்பு தடவினால் கறுத்து நிலைத்துவிடும், எத்தனை வெளுப்புக்கும் போகாது. சாறு விரலில் பட்டால் புண்ணாகிவிடும் என்று எங்களைக் கிட்டவே விடமாட்டார். அப்புறம் இருபது வீட்டுத் துணியும் ஒரே மூட்டையில் போகும், ஒரே தொட்டியில் ஊறும், ஒரே கொடியில் காயும். குறி இருப்பதால் கலந்துவிடுமே என்ற பயம் கிடையாது.

புதிய டைம் டேகர்களின் மென்பொருள் செய்வதும் இதுதான். முன்பு தொடக்கத் துடிப்பு வந்ததும் ஒரு மின்தேக்கியில் மின்னூட்டம் ஏறத் தொடங்கும், நிறுத்தத் துடிப்பு வந்ததும் நிற்கும். ஏறிய மின்னழுத்தத்தை அளந்து, இடைவெளி இவ்வளவு என்று வரைபடத்தின் ஒரு கட்டத்தில் ஒன்றைக் கூட்டிவிடுவார்கள். அதோடு அந்தத் தனித் துடிப்பு போயே போயிற்று. இன்று ஒவ்வொரு துடிப்பும் தன் குறியோடு நிற்கிறது. நொடிக்குக் கோடிக்கணக்கான குறிகள் வந்தாலும் கணினி வாங்கிக்கொள்கிறது. ஒரே குறி ஓட்டத்திலிருந்து ஒருவர் ஒரு சாயம் எத்தனை நானோநொடி (ஒரு நானோநொடி ஆயிரம் பிக்கோநொடி) ஒளிர்கிறது என்று பார்க்கலாம் (ஃப்ளோரசீனுக்கு ஏறக்குறைய 4). அதே நேரத்தில் இன்னொருவர் இரண்டு உணரிகளிலும் சேர்ந்தே விழுந்த ஃபோட்டான்களை எண்ணலாம். கோப்பில் சேமித்துவைத்தால், ஆறு மாதம் கழித்துத் தோன்றும் கேள்வியையும் அதே அளவீட்டிடம் கேட்கலாம்.

கம்பியிலேயே இல்லாத சேனலையும் மென்பொருள் உண்டாக்கித் தருகிறது. முதல் சேனலிலும் இரண்டாவதிலும் ஒரு நானோநொடிக்குள் குறி விழுந்தால் மட்டும் மூன்றாவதில் ஒரு குறி போடு என்று சொல்லிவிடலாம். அதைவிட எனக்குப் பிடித்தது கம்பி விஷயம். ஒரு மீட்டர் கம்பியைக் கடக்கத் துடிப்புக்கு ஏறக்குறைய 5 நானோநொடி ஆகும். இரண்டு வழியையும் சமமாக்கக் கம்பியை அளந்து வெட்டிக்கொண்டிருந்தவர்கள், இப்போது அந்தச் சேனலின் குறிகளிலிருந்து அந்த 5-ஐக் கழித்துவிடுகிறார்கள்.

"ஆனா ஒண்ணு சித்தப்பா, பிக்கோநொடிக் கணக்குல எழுதுறதால அவ்ளோ துல்லியம்னு பசங்க நினைச்சிடக் கூடாது. ஜிட்டர் இருக்கு." உண்மைதான். அதே துடிப்பைத் திரும்பத் திரும்ப அளந்தால் குறி சில பிக்கோநொடி, சில கருவிகளில் பல பத்துப் பிக்கோநொடி, முன்னும் பின்னும் தள்ளி விழும். சேங்கொட்டைச் சாறு நூலில் கொஞ்சம் பரவுமே, அதைச் சொல் என்றேன்.

ஆக, டேக்குக்கு 'நேரக்குறி'. காலத்தோடு குறியைச் சேர்ப்பது நமக்குப் புதிதில்லை. அகப்பாட்டில் தலைவனும் தலைவியும் சந்திக்கும் இடங்களுக்குப் பகற்குறி, இரவுக்குறி என்றுதான் பெயர். வினையில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். 'நேரம் குறித்தல்' என்றால் கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பதாகிவிடும், அது நடக்கப்போவதற்கு. இங்கே நடந்ததற்கு. அதனால் 'நேரக்குறி இடுதல்', பேச்சில் 'நேரக்குறி போடுதல்'. கருவி 'நேரக்குறிக் கருவி'. கோப்புக்கும் மின்னஞ்சலுக்கும் நேரமுத்திரை அப்படியே இருக்கட்டும், அங்கே அது சான்றுதான்.

அவள் அங்கேயே மடிக்கணினியைத் திறந்து எழுத ஆரம்பித்தாள்: 'இந்தப் பெட்டி ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் ஒரு நேரக்குறி போடுகிறது.' ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். பிறகு, இரண்டு உணரிகளிலும் சேர்ந்தே விழுவதைச் சொல்லும் கோயின்சிடென்ஸ் இருந்த இடத்தை 'உடனிகழ்வு' என்று மாற்றினாள். அதை நான் சொல்லித்தரவில்லை.