கலிபோர்னியாவில் இறப்புச் சான்றிதழ்: கவுண்டி அலுவலகத்துக்கு நாலு தடவை அலையாமல் இருக்க

பேரக்குழந்தையைப் பார்க்க ஆறு மாத விசாவில் வந்த அம்மா இங்கேயே இறந்துபோகிறார். மகன் தூக்கமில்லாமல் காரியங்களைப் பார்க்கிறார், ஃபியூனரல் ஹோமில் (இறுதிச் சடங்கு ஏற்பாடுகளைச் செய்யும் நிறுவனத்தில்) நீட்டிய தாள்களில் எல்லாம் கையெழுத்துப் போடுகிறார், அஸ்தியோடு ஊருக்குக் கிளம்புகிறார். நாலு மாதம் கழித்து வாரிசுச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கும்போதுதான், கையில் இருக்கிற சான்றிதழில் அம்மாவின் பெயர் ஆதாரில் இருப்பது போல இல்லை, அப்போஸ்டில் (ஒரு நாட்டின் ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்வதற்காக இணைக்கும் அரசுச் சான்று) இல்லை, போதாததற்கு அது செல்லாத வகைப் பிரதி என்பதெல்லாம் தெரியவருகிறது. இப்படி மாட்டிக்கொண்ட குடும்பங்களைக் கிட்ட இருந்து பார்த்துவிட்டேன், அதனால்தான் இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். நான் சொல்வது கலிபோர்னியாவுக்கு மட்டும்.

இறப்பு எந்தக் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) நடந்ததோ அங்கேதான் பதிவாகும். குடியிருந்த கவுண்டி கணக்கில்லை. வீடு ஃப்ரீமாண்டில், ஆம்புலன்ஸ் கொண்டுபோன ஆஸ்பத்திரி பாலோ ஆல்டோவில் என்றால், அலமீடா கவுண்டி வரிசையில் அரை நாள் நின்றும் பிரயோஜனமில்லை, சாண்டா கிளாரா கவுண்டிக்குத்தான் போகவேண்டும். சட்டப்படி எட்டு நாளுக்குள், அடக்கமோ தகனமோ நடப்பதற்கு முன்பே பதிவு முடியவேண்டும். பதிவு செய்வது நீங்கள் அல்ல, ஃபியூனரல் ஹோம். இறப்பின் காரணத்தை டாக்டரோ, திடீர் மரணங்களை விசாரிக்கும் அதிகாரியான கரோனரோ எழுதுவார், மற்ற விவரம் எல்லாம் நீங்கள் சொல்வதுதான்.

அந்த "நீங்கள் சொல்வது" என்ற இடத்தில்தான் பாதி வம்பு ஆரம்பிக்கிறது. முதல் பெயர், நடுப் பெயர், கடைசிப் பெயர் என்று மூன்று கட்டம் போட்ட படிவம் ஒன்றைத் தருவார்கள். நம் அம்மா அப்பாக்களுக்குக் கடைசிப் பெயர் என்று ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோ கணவர் பெயரோ அங்கே போயிருக்கும், ரேஷன் கார்டில் இனிஷியல், வங்கிப் புத்தகத்தில் வேறு எழுத்துக்கூட்டல், நிலப் பத்திரத்தில் "மீனாட்சி அம்மாள்". பாஸ்போர்ட்டில் உள்ளபடியே முதன்மைப் பெயரை எழுதுங்கள். அப்புறம் அதே சான்றிதழில் "வேறு பெயர்கள்" என்று ஒரு கட்டம் உண்டு, பெரும்பாலும் யாரும் அதை நமக்குச் சொல்வதில்லை. ஆதார், வங்கி, பத்திரம் ஆகியவற்றில் உள்ள பெயர்களை அதில் போடச் சொல்லுங்கள். ஃபியூனரல் ஹோம்காரர் தேவையில்லை என்பார், அவருக்கு ஊரில் உள்ள பட்டா பற்றித் தெரியாது. விடாமல் கேளுங்கள். இறந்தவருடைய தாயாரின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் கேட்பார்கள். ஏதோ ஒன்றைச் சொல்லி நிரப்பாமல், ஆவணத்தில் இருப்பதைச் சொல்லுங்கள்.

அனுப்பும் முன் வரைவைக் காட்டச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். உங்களால் அந்த நேரத்தில் முடியாது, அது எனக்குத் தெரியும். நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் அவரைப் படிக்கச் சொல்லுங்கள். பதிவான பிறகு திருத்தம் கேட்டால் கலிபோர்னியா பழைய சான்றிதழை மாற்றித் தராது, திருத்தத் தாள் ஒன்றைப் பின்னால் சேர்க்கும். பிழையான பக்கம் முன்னால் அப்படியே நிற்கும். அதற்கே வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும், முன்பு வாங்கிய பிரதிகள் வீண், மறுபடி காசு கொடுத்து வாங்கவேண்டும்.

அடுத்தது, நிறையப் பேர் ஏமாறுவது பிரதியின் வகையில். கலிபோர்னியாவில் இரண்டு வகை உண்டு. ஒன்று அங்கீகரிக்கப்பட்ட பிரதி. இன்னொன்று தகவல் பிரதி, அதை யார் கேட்டாலும் தருவார்கள், ஆனால் அடையாளத்தை நிறுவ இது செல்லாது என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும். இரண்டுக்கும் ஒரே கட்டணம். இரண்டிலும் அரசு முத்திரை இருப்பதால் வித்தியாசம் சட்டென்று கண்ணில் படாது. விண்ணப்பத்தில் தப்பான கட்டத்தில் டிக் அடித்தால் கவுண்டரில் இருப்பவர் ஒரு வார்த்தை சொல்லமாட்டார், காசை வாங்கிக்கொண்டு தகவல் பிரதியைக் கையில் கொடுத்துவிடுவார். வங்கியும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் அதைத் திருப்பி அனுப்பும்போதுதான் விஷயம் புரியும்.

அங்கீகரிக்கப்பட்ட பிரதியைக் கேட்க எல்லாருக்கும் உரிமை கிடையாது. கணவன் மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தவர், பேரப்பிள்ளைகள், தாத்தா பாட்டி, இறந்தவர் விட்டுப்போன சொத்துக்கான வக்கீல் என்று பட்டியல் போகிறது. மருமகனும் மருமகளும் அதில் இல்லை. மகள் வீட்டில் துக்கத்தில் இருக்கிறாள், மருமகன் லீவு போட்டு கவுண்டி ஆபீஸுக்குப் போகிறார், "நீங்கள் யார்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். இது அடிக்கடி நடக்கிறது. மகளே போகவேண்டும், அல்லது மகளே தபாலில் விண்ணப்பிக்கவேண்டும். தபால் என்றால் உறுதிமொழித் தாளில் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போடவேண்டும். நோட்டரி இல்லாத விண்ணப்பத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட பிரதி வராது.

எங்கே போவது என்பதிலும் ஒரு சுற்று உண்டு. பல கவுண்டிகளில் சமீபத்திய இறப்புகளுக்குப் பொது சுகாதாரத் துறை அலுவலகம், கொஞ்ச காலம் போனால் ஆவணப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்டர் அலுவலகம். இவர் அவரைக் கைகாட்டுவார், அவர் இவரை. இரண்டும் ஊரின் வேறு வேறு மூலையில் இருக்கும். இறந்த தேதியைச் சொல்லி, "இந்தத் தேதிக்கான பதிவு இப்போது உங்களிடம் இருக்கிறதா?" என்று போனில் கேட்டு உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். சாக்ரமென்டோவில் உள்ள மாநில அலுவலகத்திலும் வாங்கலாம், ஆனால் கவுண்டியைவிட அதிக நாள் பிடிக்கும். இணையத்தில் தேடினால் அரசுத் தளம் போலவே தெரியும் தனியார் தளங்கள் முதலில் வரும், அவை கூடுதல் கட்டணம் பிடுங்கிக்கொண்டு உங்கள் விண்ணப்பத்தை அதே கவுண்டிக்கு அனுப்பும், அவ்வளவுதான்.

எத்தனை பிரதி வாங்குவது? ஒன்று 20 டாலருக்கு மேல் ஆகிறது, அதனால் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஊரில் சொத்து, இரண்டு வங்கி, பென்ஷன் எல்லாம் இருந்தால் குறைந்தது எட்டுப் பிரதி வாங்குங்கள். ஃபியூனரல் ஹோம் மூலமாக முதல் தடவையே மொத்தமாக வாங்கிவிடுவதுதான் எல்லாவற்றிலும் சுலபம்.

விசாவில் வந்த பெற்றோருக்கு இங்கே வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் இருக்கமாட்டார். வீட்டிலேயே திடீரென்று இறந்தால் விஷயம் கரோனரிடம் போகும். அப்போது சான்றிதழில் காரணம் என்ற இடத்தில் "நிலுவையில்" என்று போட்டுத் தரலாம். தகனம் நடக்க அது தடையில்லை. ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனி காரணம் தெரியாமல் பணம் தராது, இறுதிக் காரணம் வர மாதங்கள் ஆகலாம். அந்த நிலையில் இரண்டு மூன்று பிரதிகள் மட்டும் வாங்கிவிட்டு, மீதியை இறுதிக் காரணம் சேர்ந்த பிறகு வாங்குங்கள். கரோனர் அலுவலகம் தானாகக் கூப்பிட்டுச் சொல்லும் என்று காத்திருக்காதீர்கள். வழக்கு எண்ணைக் குறித்துவைத்து நீங்களே கேட்டுக்கொண்டிருங்கள்.

இந்தியாவில் காட்ட அப்போஸ்டில் வேண்டும். 2005 முதல் இந்தியா அப்போஸ்டிலுக்கான சர்வதேச உடன்படிக்கையில் இருக்கிறது. கலிபோர்னியாவில் அதைத் தருவது மாநிலச் செயலர் அலுவலகம். இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. சுகாதாரத் துறை கொடுத்த பிரதியில் சுகாதார அதிகாரியின் கையெழுத்துத்தான் இருக்கும், அதை மாநிலச் செயலர் அலுவலகம் நேராக ஏற்காது. முதலில் கவுண்டி கிளார்க்கிடம் கொண்டுபோய் அந்தக் கையெழுத்தை உறுதி செய்து வாங்கவேண்டும், பிறகுதான் அப்போஸ்டில். இது தெரியாமல் தபாலில் அனுப்பி, மூன்று வாரம் கழித்து அப்படியே திரும்பி வந்த உறை ஒன்றை நான் கையில் வாங்கியிருக்கிறேன். ரெக்கார்டர் அலுவலகத்திலோ மாநில அலுவலகத்திலோ வாங்கிய பிரதியாக இருந்தால் இந்தச் சுற்று மிச்சம். அப்போஸ்டில் வந்த பிறகு ஜெராக்ஸ் எடுப்பதற்காக அதன் ஸ்டேப்பிளைப் பிரிக்காதீர்கள், பிரித்தால் செல்லாமல் போகலாம். பெட்டியில் போட்டு எடுத்துப்போகும் முன் சான்றிதழ், அப்போஸ்டில் இரண்டு தாளையும் ஸ்கேன் செய்துவிடுங்கள், இறந்தவரின் பாஸ்போர்ட்டையும்தான், ஏனென்றால் அதை ரத்து செய்ய இந்தியத் துணைத் தூதரகத்தில் கொடுக்கவேண்டும்.

ஊரில் சிலர், "இங்கேயே இறந்ததாக எழுதி ஒரு சான்றிதழ் வாங்கிவிடலாம், ஆள் இருக்கிறார்" என்பார்கள். போகாதீர்கள். இந்தியச் சட்டப்படியும் இறப்பு நடந்த இடத்தில்தான் பதிவு, பொய்த் தகவல் கொடுப்பது குற்றம். பின்னால் சொத்துத் தகராறு வந்தால் முதலில் உடைவது அந்தக் காகிதம்தான்.

கடைசியாக, பத்திரிகையில் வரும் இரங்கல் குறிப்பு. கவுண்டி அலுவலகத்தில் அது கிடைக்காது, அங்கே சேமிப்பதே இல்லை. பழைய குறிப்பு வேண்டுமானால் அந்த ஊர்ப் பொது நூலகத்தில் மைக்ரோஃபிலிமைக் கேளுங்கள், இறந்த தேதியும் ஊரும் தெரிந்துவிட்டால் அதை வைத்துச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். தேதியே தெரியாமல் விண்ணப்பித்து, பதிவு இல்லை என்று அவர்கள் ஒரு தாள் கொடுத்தால், கட்டிய பணம் திரும்பி வராது. நீங்களே இரங்கல் குறிப்பு வெளியிடுவதாக இருந்தால், முழுப் பிறந்த தேதி, வீட்டு முகவரி, தாயாரின் குடும்பப் பெயர் மூன்றையும் அதில் போடாதீர்கள். இறந்தவர் பெயரில் கடன் அட்டை வாங்கும் திருடர்கள் தேடுவது அந்த மூன்றையும்தான்.