பெட்டி இருக்கிறது, தேனீ எங்கே?

வன்னியில் நான் போகிற வளவுகள் பலவற்றில் வெறும் தேன்பெட்டி ஒன்று மூலையில் கிடக்கும். ஏதாவதொரு திட்டத்தில் கொடுத்ததாக இருக்கும். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வீட்டில் அதற்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கேட்டால், "முந்தி இருந்தது தம்பி, பிறகு போட்டுது" என்பார்கள். விவசாயப் போதனாசிரியர் வேலையில் இந்தப் "போட்டுது" எனக்குக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போனது.

தேனீ வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது பெட்டி என்ன விலை என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, ஆடி, ஆவணியில் உங்கள் வளவில் என்ன பூக்கும் என்பது. அநேகமானோர் அந்த இடத்தில் யோசிக்கத் தொடங்குவார்கள்.

நாம் பெட்டியில் வளர்ப்பது பாலை, முதிரை மரப் பொந்துகளில் குடியிருக்கிற நம்மூர்ப் பொந்துத் தேனீ. யூடியூப்பில் வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் காட்டுவது பெரும்பாலும் ஐரோப்பியத் தேனீ; அது பெரியது, அதன் பெட்டியும் பெரியது. அந்த அளவைப் பார்த்துத் தச்சரிடம் பெட்டி அடிப்பித்தால் காசும் பலகையும் வீண். நம்முடைய தேனீக்கு இன்னொரு குணமும் உண்டு. இடம் சரிவராவிட்டால் சகித்துக்கொண்டு இருக்காது. சாப்பாடு குறைந்தாலும், எறும்பு ஏறினாலும், வெயில் சுட்டாலும் ராணியோடு கூட்டமாக எழும்பிப் போய்விடும்.

வன்னிக் கோடையில் இந்த மூன்றும் ஒன்றாக வருகின்றன. மாரி முடிய, தை, மாசியில் தொடங்கிக் காடு ஒவ்வொன்றாகப் பூக்கும். பங்குனி, சித்திரையில் வேம்பும் சேரும். அப்போது யார் வீட்டுப் பெட்டியும் நன்றாகத்தான் இருக்கும். பிறகு சோளகக் காற்று அடித்து, குளம் வற்றி, புல் கருகும்போதுதான் வளர்ப்பவரின் கெட்டித்தனம் தெரியும்.

போன வருடம் ஆவணியில் ஒரு பெட்டியைத் திறந்தேன். வாசலில் நாலைந்து தேனீ நின்றதால் உள்ளே கூட்டம் இருக்கும் என்று வீட்டுக்காரர் நம்பியிருந்தார். வதை, அதாவது தேனடை, கட்டுகிற மரச்சட்டத்தைத் தூக்கினால் பாரமே இல்லை. அறைகளில் முட்டையும் இல்லை, புழுவும் இல்லை, ஒரு துளி தேனும் இல்லை. வதையின் குறுக்கே சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல், அதற்குள் மெழுகுப் பூச்சியின் புழு நெளிந்தது. பூச்சி வந்ததால்தான் தேனீ போனது என்றார் அவர். அநேகமாக நடப்பது மறுவளம்: கூட்டம் மெலிந்து காவல் குறைந்த பிறகே அந்தப் பூச்சி குடியேறும். சித்திரையில் கடைசிச் சட்டம் வரைக்கும் தேன் எடுத்ததை அவரே பிறகு சொன்னார். பெட்டியின் அடித்தட்டில் இருப்பது தேனீயின் சொந்தச் சேமிப்பு. எடுப்பதென்றால் மேல்தட்டில், அதுவும் மெழுகால் மூடிய வதையை மட்டும் எடுக்க வேண்டும். மூடாத தேனில் தண்ணீர் அதிகம், போத்தலில் புளித்துவிடும்.

மாங்குளம் பக்கம் ஓர் அம்மாவின் பெட்டி மூன்று கோடை தாண்டி நிற்கிறது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மாமர நிழலில், சோளகம் நேரே அடிக்காதபடி வாசலைக் கிழக்கே வைத்திருக்கிறார். பெட்டிக் கால்கள் நான்கும் பால்மா ரின்னில், ரின்னுக்குள் கழிவு எண்ணெய். பெட்டியைத் தொடுகிற கொப்புகளை வெட்டிவிடுகிறார், இல்லாவிட்டால் முசுறு அதையே பாலமாக்கிக்கொள்ளும். கிணற்றடியில் ஒரு சட்டித் தண்ணீர், தேனீ தாழாமல் நிற்க அதில் தேங்காய்ப் பொச்சுத் துண்டுகள். பூ இல்லாத மாதங்களில் சீனியும் தண்ணீரும் சரிக்குச் சரி கரைத்து, சிரட்டையில் ஊற்றி, இரண்டு ஈர்க்குப் போட்டுப் பொழுதுபட்ட பிறகு பெட்டிக்குள் வைக்கிறார். பகலில் வைத்தாலோ வெளியே சிந்தினாலோ எறும்பும் மற்றக் கூட்டுத் தேனீயும் கொள்ளைக்கு வரும். காடு பூக்கத் தொடங்கியதும் பாகை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாவிட்டால் போத்தலில் விழுவது சீனிப்பாகுதான்.

கூட்டத்தை எங்கே பிடிப்பது? காசு கொடுத்து வாங்கமுதல், பழைய மண் முட்டியின் உட்புறத்தில் தேன்மெழுகு பூசித் தை, மாசியில் மரக்கிளையில் கட்டிப் பாருங்கள். பிரிந்து வருகிற கூட்டம் தானாக வந்து குடியேறும். வராத வருடமும் உண்டு. குடியேறினால் வதைகளைப் பதமாக வெட்டி, வாழைநாரால் சட்டத்தில் கட்டிப் பின்னேரம் பெட்டிக்கு மாற்றலாம். ராணி உள்ளே போய்விட்டால் மற்றவை பின்னால் போகும். பொந்துத் தேனீக்காக உயிர்மரத்தைத் தறிக்கிறவர்களுடன் எனக்குப் பேச்சில்லை.

அக்கம்பக்கத்து வயல்காரரிடம் முதலே கதைத்து வையுங்கள். எள்ளோ பயறோ பூத்திருக்கிற நேரத்தில் காலையில் மருந்தடித்தால், வெளியே போன தேனீ பாதிகூடத் திரும்பாது. அடித்தே ஆகவேண்டுமென்றால் பொழுதுபட்ட பிறகு அடிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் கேட்பார்கள், குறிப்பாக ஒரு போத்தல் தேன் போனால்.

குத்தினால் கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுங்கள். உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டினால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தேன் தொட்டு வைக்கவும் வேண்டாம்.

காட்டோரத்து வீடென்றால் கரடியையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதற்கு ரின் எண்ணெய் காணாது. பெட்டியை வீட்டுச் சுவரோடு, ஆள் புழங்குகிற பக்கமாக வையுங்கள்.