மழுங்கிய விளிம்பு எதற்கு?

அமெரிக்கக் கிராமங்களில் பழைய பண்ணை வீடு ஒன்று கைமாறும்போது, தொழுவத்திலும் பரணிலும் கிடந்த இரும்புச் சாமான்கள் குவியலாக வெளியே வரும். அவற்றைப் பயன்படுத்தியவர்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள். பேரப்பிள்ளைகளுக்கு எது எதற்கென்று தெரியாது. அந்தக் குவியலில் அடிக்கடி தலைகாட்டும் ஒன்று: கைக்கு அடக்கமான மரப்பிடி, அதன் இரு முனையிலும் நடுவில் குழிந்த இரும்பு வட்டு. ஒரு வட்டு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அகலம். மற்றது இன்னும் சிறியது. மெழுகுவர்த்தித் தாங்கி என்பார் ஒருவர், மாவை வட்டமாக வெட்டும் அச்சு என்பார் இன்னொருவர்.

விளிம்பைத் தடவிப் பார்த்தால் விடை நெருங்கிவிடும். அது கையை வெட்டாது. சாணை பிடித்த கீறலும் அதில் இருக்காது. ஆக, செய்யும்போதே மழுங்கலாகத்தான் செய்திருக்கிறார்கள். வெட்டவும் கூடாது, அழுத்தி வழிக்கவும் வேண்டும். பண்ணையில் அப்படி ஒரு வேலை உண்டு: அறுத்த பன்றியின் தோலிலிருந்து மயிரை எடுப்பது.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் குளிர் தொடங்கியதும் பன்றி அறுப்பார்கள். இறைச்சி கெடாமல் இருக்க அந்தக் குளிர் வேண்டும். அறுத்த உடலை 62 முதல் 65 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீரில் சில நிமிடங்கள் முக்குவார்கள். அந்தச் சூட்டில் மயிர்க்காலைச் சுற்றியுள்ள புரதங்கள் தளர்ந்து, வேரின் பிடி விட்டுப்போகும். சூடு குறைந்தால் மயிர் வராது. கூடிப்போனாலும் ஆபத்துதான்: தோல் வெந்து சுருங்கி, மயிரை முன்னைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். வெப்பமானி இல்லாதவர்கள் நீரில் விரலை அடுத்தடுத்து மூன்று முறை இழுத்துப் பார்ப்பார்கள். மூன்றாவது முறை பொறுக்க முடியாமல் சுட்டால் பதம் சரி. நீரில் கொஞ்சம் அடுப்புச் சாம்பலும் போடுவதுண்டு. சாம்பலின் காரம் தோலின் மேல் படிந்த அழுக்குப் படலத்தைக் கழற்ற உதவும்.

இந்த இடத்தில் கூர்மையான கத்தியைப் போட்டால் என்ன ஆகும்? மயிர் நுனியோடு அறுபடும், வேர் தோலுக்குள்ளேயே தங்கிவிடும். தோலும் கீறும். தோலோடு உப்பிட்டுப் புகை போடும் இறைச்சியில் கீறல் விழுந்தால் கிருமி அதன் வழியே உள்ளே போகும். மழுங்கிய விளிம்போ மயிரைக் கொத்தாகப் பிடித்து வேரோடு இழுத்துவிடும். பெரிய வட்டு முதுகுக்கும் விலாவுக்கும். சின்னது கால், தாடை, காதோரம் போன்ற மடிப்புகளுக்கு. சிலவற்றில் ஒரு முனையில் வட்டுக்குப் பதிலாகக் கொக்கி இருக்கும். வெந்நீரில் தளர்ந்த குளம்பு ஓட்டை அதில் மாட்டி இழுத்தால் கழன்று வரும். எனக்கு இந்தச் சின்னச் சாமான் மேல் பெரிய மரியாதை. புரதத்தைப் பற்றி ஒரு வரி படிக்காதவர்கள், அது எந்தச் சூட்டில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை இரும்பில் வடித்து வைத்திருக்கிறார்கள்.

அதனால், பெயர் தெரியாத கருவி கையில் கிடைத்தால் நான் முதலில் கேட்பது, இது எந்தப் பொருளோடு மல்லுக்கட்டியது என்றுதான். முக்கால் மீட்டர் நீள இரும்பு அலகு, ஓரத்தில் பெரிய பெரிய பற்கள், மேலே ஒரு பிடி, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு இன்னொரு பிடி. பார்த்தவர்கள் போர்க்கருவி என்று பயப்படுவார்கள். உண்மையில் அது புல் அறுக்கும் வாள். போராகக் குவித்த உலர்புல் தன் எடையாலேயே அமுங்கிப் பின்னிக்கொள்ளும். கவைக்கோலால் பிடுங்க முடியாது. போரின் மேல் நின்று செங்குத்தாக இந்த வாளை இறக்கி, வேண்டிய அளவை மட்டும் துண்டாக எடுப்பார்கள். பல் எதற்கு என்றால், காய்ந்த தாள் வளைந்து நழுவும். நம்மூர்க் கருக்கரிவாளைப் போலவே பல் தாளை நிறுத்திப் பிடித்து அறுக்கும். புல்லை இயந்திரத்தில் கட்டுகளாகக் கட்டும் வழக்கம் பரவியதும் இந்த வாளுக்கு வேலை போய்விட்டது.

மாட்டுக்கொம்பு வெட்டும் கருவியைப் பார்த்தால் மனசு கலங்கும். ஆளுயரத்துக்குப் பாதியாவது வரும் இரண்டு கைப்பிடிகள், தலையில் இரண்டு அலகுகள். ஒவ்வொன்றும் உள்பக்கம் கோணமாக வெட்டப்பட்டிருக்கும். மூடும்போது நான்கு விளிம்புகள் கொம்பை நான்கு புறமிருந்தும் நெருக்கும். கொம்புக்குள் இருப்பது ரத்தக்குழாய் ஓடும் எலும்பு. வளர்ந்த மாட்டில் அதன் உட்குழி மண்டையோட்டின் காற்றறைகளோடு சேர்ந்திருக்கும். ஒரு பக்கமிருந்து நசுக்கினால் எலும்பு சிதறி, காயம் சீழ் பிடிக்கும். அதனால்தான் நான்கு விளிம்பு. ரயில் பெட்டிகளில் நெருக்கியடித்து அனுப்பிய மாடுகள் ஒன்றையொன்று குத்திக்கொள்ளாமலிருக்க, மரத்துப்போகும் மருந்து எதுவும் தராமல் இதைச் செய்தார்கள்.

சரி, வடிவம் கைவிட்டால்? எழுத்தைத் தேடலாம். காப்புரிமை பெற்ற பொருளில் அந்தத் தேதியைப் பொறிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1842இல் சட்டம் வந்தது; 1927க்கு அப்புறம் எண்ணைப் பொறிக்க வேண்டியதாயிற்று. 10,00,000ஆவது காப்புரிமை 1911இல் தரப்பட்டது; ஆகவே ஏழு இலக்க எண் இருந்தால் கருவி அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. தேதியில் ஒரு இலக்கம் துருவில் மறைந்திருந்தாலும் வழி உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அங்கே காப்புரிமைகள் செவ்வாய்க்கிழமைகளில்தான் வெளியாகின்றன. முள்கம்பிக்கு ஜோசப் கிளிடன் பெற்றது 1874 நவம்பர் 24, அதுவும் ஒரு செவ்வாய். நீங்கள் படித்த தேதி புதன்கிழமையில் விழுந்தால், இலக்கத்தை மறுபடி பாருங்கள். தேதி சரியாக வந்துவிட்டால், பொதுமக்களுக்கு இணையத்தில் திறந்திருக்கும் காப்புரிமைப் படங்களில் உங்கள் கருவியின் வரைபடமே கிடைக்கலாம்.

எழுத்தும் இல்லாமல் குழப்பும் சாமான்களும் இருக்கின்றன. நடுவில் வளையம், இரு முனையிலும் கொக்கி வைத்த குறுக்குக் கட்டை அப்படிப்பட்டது. அது குதிரையை ஏரில் பூட்டும் கட்டை. அறுத்த பன்றியின் பின்னங்கால் நரம்புகளில் மாட்டி உடலைத் தொங்கவிடவும் பல வீடுகளில் அதையே எடுத்திருக்கிறார்கள். குதிரை இழுத்த கட்டையில், சங்கிலி உரசிய தேய்மானம் கொக்கியின் வளைவில் இருக்கும். பன்றியைத் தொங்கவிட்டதில் மர நார்களுக்குள் கொழுப்பு ஊறிக் கறுத்திருக்கும். இரண்டு அடையாளமும் ஒரே கட்டையில் இருந்தால் இரண்டு வேலையும் செய்திருக்கிறது. ஆகையால் கம்பித் தூரிகையைக் கையில் எடுக்கும் முன் முனைகளை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். ஒருமுறை தேய்த்துக் கழுவினால் கொழுப்பும் போகும், தேய்மானத் தடமும் போகும்.